கல்லும் சொல்லும்

சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில், திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை அடையுமுன், கூட்டேரிப்பட்டு என்றோர் ஊர் உண்டு. மயிலம் மலைமேலுள்ள முருகனை வழிபடச் செல்வோர் வண்டியினின்று இறங்கிக் கிழக்கே திரும்பும் இடம் அது. அதற்குமேல் அவ்வூரைப்பற்றி அறிந்தார் சிலரே. யான் பிறந்து வளர்ந்தது அதனை அடுத்த ஒரு சிற்றூரில். சாலை செப்பனிடக் கொட்டிவைத்த சரளைமேட்டில் ஏறிக் குதித்து விளையாடியதே எங்கள் இளமை. அக்கற்களைப்பற்றி ஒருநாள் எழுத வேண்டிவரும் என்று அன்று யான் எண்ணியதில்லை. எழுத நேர்ந்த காரணம் சிறிது நாணத்தக்கது. ஆயினும் மறைப்பதிற் பயனில்லை, இதனைப் படிப்போரிற் பலர் அன்று அவையில் இருந்தவர்களே ஆதலின்.

சென்ற ஆண்டு நம் தமிழ்ப் பேரவையில், ‘தமிழின் தொன்மை’ என்னும் பொருள்பற்றி யான் பேசினேன். அத்திரம்பாக்கத்தில் 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்ட கற்கருவிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன என்பதை ஒரு செய்தித்தாளிற் படித்திருந்தேன். அவ்வளவே என் ஆராய்ச்சி. “தமிழன் 15 இலட்சம் ஆண்டுகளாக இம்மண்ணில் வாழ்கின்றான், அவன் மொழியும் அத்துணைப் பழமையுடையது” என்று மேசையைத் தட்டி முழங்கினேன். கரவொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. கூட்டம் கலைந்தபின் எங்கள் ஆசிரியர் ஒருவர் என்னை அருகழைத்து, “தம்பி, அந்தக் கல்லை உடைத்தவன் என்ன மொழி பேசினான் என்று உமக்கு யார் சொன்னார்?” என்று வினவினார். விடைகூற வாயெடுத்தேன், சொல் எழவில்லை. ஓராண்டு கழித்து யான் அளிக்கும் விடை இக்கட்டுரை.

விடை தேடப் புகுந்தபோது முதலில் என் கைக்கு எட்டியது எங்கள் வீட்டுப் பழைய ஆங்கில வேதாகமம். அதன் முதற் பக்கத்தின் ஓரத்தில், படைப்பைக் கூறும் அதிகாரத்திற்கு நேராக, கிறிஸ்துவுக்கு முன் 4004 என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. என் பாட்டனார் அவ்வெண்ணையும் வேதவாக்காகவே கொண்டிருந்தார். உண்மையில் அது மோசேயின் சொல்லன்று. அயர்லாந்தில் அர்மா நகரத்துப் பேராயராய் விளங்கிய ஜேம்ஸ் அஷர் என்பார், வேதத்திற் காணும் வமிச வரிசைகளையும் பிறநாட்டு அரசர் ஆண்டுகளையும் கூட்டிக் கணித்து 1650இல் வெளியிட்ட முடிவு அது. 1701 முதல் ஆங்கில வேதாகமத்தின் ஓரங்களில் அவர் கணக்கை அச்சிடலாயினர். ஓரத்தில் நின்றது நாளடைவில் உள்ளே நுழைந்துவிட்டது. பாட்டனார் காலத்தைச் சுருக்கினார், பேரன் நீட்டினேன். நூல் கூறாததை நூலின்மேல் ஏற்றிய பிழை இருவர்க்கும் பொது. அவருக்கு நூல் வேதம், எனக்குக் கல்.

நம் நாட்டிற் கல்லைப் படிக்கக் கற்பித்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். 1834இற் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். பிரான்சு தேசத்தில் சோம் ஆற்றங்கரைச் சரளையில், மறைந்துபோன விலங்கினங்களின் எலும்புகளோடு மனிதன் செய்த கற்கருவிகளும் கிடக்கின்றன என்பதை, 1859இல் ஆங்கில அறிஞர் சிலர் நேரிற் சென்று கண்டு ஒப்புக்கொண்டனர். அச்செய்தி ஃபூட் மனத்திற் பதிந்திருந்தது. 1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்திற் படைவீரர் பயிலும் வெளியருகே சரளைக்காகத் தோண்டிய குழியில், அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. ஆயிரம் பேர் மிதித்துச் சென்றிருக்கக்கூடிய கல்தான். அதனைக் கருவி என்று அறிந்தவர் அவர் ஒருவரே. பாரத நாட்டிற் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தமைக்கு முதற் சான்றாக அறிஞர் கொள்வது அக்கல்லை. அதே ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் தோழர் வில்லியம் கிங்குடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திற் கொற்றலையாற்றுப் பக்கத்தே அத்திரம்பாக்கத்தையும் அவர் கண்டறிந்தார்.

தமிழ் பயில்வோர்க்கு உவகை தரும் செய்தி ஒன்றை ஈண்டுக் கூறாது விடல் இயலாது. ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் அவரே. தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவரும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராய் இருந்தவரும் அவரே. மாமனார் சொற்களைத் திரட்டினார். மருமகனார் கற்களைத் திரட்டினார். சொல்லுக்கும் கல்லுக்கும் பகை இல்லை என்பதற்கு அவ்வொரு குடும்பமே போதும். ஃபூட் ஆயுட்காலமெல்லாம் தேடிச் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912இற் கல்கத்தாவில் அவர் உயிர் துறந்தார்.

இவற்றைப் படித்த வேகத்தில், ஒரு விடுமுறையின்போது கூட்டேரிப்பட்டுச் சாலையோரச் சரளைக் குவியலில் யானும் தேடலானேன். மூன்றாம் நாள் கூர்மையான கல் ஒன்று அகப்பட்டது. இலைபோன்ற வடிவம், ஓரம் விரலை அறுத்தது. கைக்குட்டையிற் பொதிந்து ஆசிரியரிடம் கொண்டு சென்றேன். அவர் அதனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “இது ஜல்லி உடைக்கும் இயந்திரம் செய்த கைக்கோடரி” என்றார்.

அவர் எங்ஙனம் அறிந்தார் என்பதை விளக்குதல் தகும். ஒரு கல்லை மற்றொரு கல்லால் ஓரத்தில் ஓங்கி அடித்தால், அடிபட்ட இடத்தினின்று அதிர்ச்சி உள்ளே பரவிச் சில்லு ஒன்று பெயரும். பெயர்ந்த சில்லின் உட்புறத்தில், அடிபட்ட முனைக்குக் கீழே, சிறு புடைப்பு ஒன்று தோன்றும். தாய்க்கல்லில் அதற்கேற்ற குழி விழும். ஒரு குழியைக் கண்டு ஏமாறலாகாது. ஆற்று வெள்ளத்தில் மோதும் கற்களிலும், இயந்திரத்தில் நொறுங்கிய கற்களிலும் அது நேர்வதுண்டு. கைக்கோடரியிலோ, ஒரு முகத்தில் வரிசையாகச் சில்லெடுத்து, பின் கல்லைத் திருப்பி மறுமுகத்திலும் அவ்வண்ணமே எடுத்து, இருபுற ஓரங்களும் ஒரு கூர்முனையிற் சேரும்படி செய்திருப்பான். அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்பதை முந்திய அடியிலேயே கருதியிருக்கிறான். யாம் தேடவேண்டுவது கூர்மையை அன்று, அக்கருத்தை. என் கல்லிற் கூர்மை இருந்தது, கருத்து இல்லை.

அக்கருத்து உலகில் முதன்முதல் எங்கே தோன்றிற்று? இன்றுவரை கிடைத்துள்ள சான்றுகள் ஆபிரிக்காவையே காட்டுகின்றன. தான்சானியா நாட்டில் இலேட்டொலி என்னுமிடத்தில், எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய நிலத்தில், இருகாலால் நிமிர்ந்து நடந்தவர்களின் அடிச்சுவடுகளை மேரி லீக்கியின் குழுவினர் 1978இற் கண்டனர். அவை ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன. எத்தியோப்பியாவில் 1974இற் கிடைத்து ‘லூசி’ எனப் பெயர் பெற்ற எலும்புக்கூடு 32 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது. உயரம் மூன்றரை அடியளவே. அவ்வினத்தின் மூளை நம் மூளையில் மூன்றிலொரு பங்குதான். ஆகவே நிமிர்ந்து நடந்தது முந்தி, மூளை பெருத்தது மிகப் பிந்தி. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்திருத்தலைக் காட்டி, டார்வினுக்கு முன்னரே தமிழர் இதனை அறிந்தனர் என்று வாதிடும் நண்பர் எங்கள் விடுதியில் உண்டு. ஆறு வகையாக நிரல்படுத்துதல் வேறு, ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது எனல் வேறு. தொல்காப்பியர் செய்தது முன்னது. அதுவே அவர்க்குப் பெருமை. இரவலாக மற்றொன்று வேண்டா.

கென்யாவிற் கிடைத்த மிகப் பழைய கற்கருவிகள் 33 இலட்சம் ஆண்டுக்கு உரியன. கைக்கோடரி தோன்றியது அதற்கு நெடுங்காலம் பின்னர், 17 இலட்சம் ஆண்டுகட்குச் சற்று முன். அதனைச் செய்தவன் ‘நிமிர்ந்த மனிதன்’ என்று அறிஞர் பெயரிட்ட இனத்தான் என்பர். ஆபிரிக்காவை விட்டு ஆசியாவெங்கும் பரவிய அவ்வினத்தின் எலும்பை, ஜாவாத் தீவில் டூபுவா என்னும் டச்சு வைத்தியர் 1891இலேயே கண்டார்.

இனி அத்திரம்பாக்கத்திற்குத் திரும்புவோம். அங்கே சாந்தி பப்புவும் அவர்தம் துணைவரும் 1999 முதல் நிகழ்த்திய அகழாய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. மிக ஆழத்திலுள்ள களிமண் படிவிற் கிடந்த கைக்கோடரிகள் குறைந்தது 10 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டும், சராசரியாக 15 இலட்சம் ஆண்டும் பழமையுடையன என்று கண்டனர். யான் மேசையைத் தட்டிச் சொன்ன எண் இதுவே, எண்ணிற் பிழையில்லை. அதனை எப்படிக் கணித்தனர் என்பதை அறிந்தபோதுதான் என் வாய் அடங்கிற்று. விண்ணிலிருந்து இடையறாது வரும் கதிர்கள், நிலத்தின்மேற் கிடக்கும் கல்லிலுள்ள படிகத்தைத் தாக்கி, அலுமினியம், பெரிலியம் என்னும் பொருள்களின் அரிய வகைகள் இரண்டினை மிக மிகச் சிறிய அளவில் உண்டாக்கும். கல் மண்ணுள் ஆழப் புதைந்தபின் கதிர் எட்டாது. புதிதாக உண்டாதல் நின்றுபோம். முன் உண்டான இரண்டும் சிதையும். அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதைதலின், இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எத்துணைக் காலம் ஆயிற்று எனக் கணிக்கலாம். மற்றொரு சான்றும் உண்டு. பூமியின் காந்த முனைகள் பண்டு தலைமாறி இருந்தன. இன்றைய நிலைக்கு மாறியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகட்கு முன். அத்திரம்பாக்கத்து அடிப்படிவின் மண்துகள்கள் பழைய தலைமாறிய திசையையே காட்டுகின்றன. இரு வேறு வழிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

2018இல் அவ்விடத்தினின்றே மற்றொரு முடிவு வந்தது. மேற்படிவுகளிற் பெரிய கைக்கோடரிகள் அருகி, கல்லை முன்னரே பக்குவப்படுத்தி வேண்டிய வடிவிற் சில்லெடுக்கும் நுண்ணிய முறை தலைப்படுகின்றது. அது தொடங்கியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன் என்று கணித்தனர். நம்மனைய மனிதர் ஆபிரிக்காவினின்று புறப்பட்டு வரும்போது இம்முறையையும் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று பலர் கருதியிருந்தனர். அங்ஙனமாயின் இவ்வளவு முற்காலத்தில் இங்கே அதனைக் கையாண்டவர் யாவர்? அத்திரம்பாக்கத்தில் விலங்குகளின் பற்களும் அடிச்சுவடுகளும் கிடைத்துள்ளன. மனித எலும்பு ஒன்றேனும் கிடைத்திலது. இந்திய நாடு முழுவதிலும், ஐயமற ஏற்கப்பட்ட மிகப் பழைய மனித மண்டையோடு, 1982இல் அருண் சோனாக்கியா நருமதை ஆற்றங்கரையில் ஹத்னோரா என்னுமிடத்திற் கண்ட ஒன்றே. அதுவும் நம் இனத்தது அன்று.

எங்கள் விழுப்புரம் பக்கத்திலேயே ஒரு மண்டையோடு கிடைத்ததாகக் கூறப்படுவதை அன்பர் சிலர் எனக்கு நினைவூட்டினர். கடலோரத்துப் பொம்மையார்பாளையத்தை அடுத்த ஓடை என்னுமிடத்தில், இரும்புச்சத்து மிக்க செங்கல் படிவினுள் ஒரு குழந்தையின் மண்டையோடு பதிந்திருந்ததென்றும், அது 1,66,000 ஆண்டுப் பழமையுடையதென்றும், கேரளப் பல்கலைக்கழகத்து இராஜேந்திரன் 2001க்குப் பின்னர் அறிவித்தார். எங்கள் மாவட்டத்திற்கு இதனினும் பெரிய புகழ் வேறு வேண்டுமோ! ஆனால் அறிஞர் அனைவரும் அதனை ஒப்பவில்லை. ஆகவே, சொந்த ஊர்ப் பற்றை அடக்கிக்கொண்டு, அதனை இக்கணக்கிற் சேர்க்காது விடுகின்றேன். மயிலத்திற்கு அப்பாலுள்ள திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்கள் கிடக்கின்றன. அவை அசுரனுடைய எலும்புகள் என்று சொல்லும் கதையும் உண்டு. அம்மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு. அவை நின்ற நாளில் உலகெங்கும் மனிதன் என்று ஒருவனும் இல்லை. கல்லைக் கண்டவுடன் எலும்பு என்று எண்ணும் ஆசை நமக்குப் புதிதன்று போலும்.

ஆசிரியர் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செய்தவன் தமிழனல்லன். அவன் நம் இனத்தானும் அல்லன். நம்மை ஒத்த மனிதரின் மிகப் பழைய எலும்புகளாக 2017இல் அறிவிக்கப்பட்டவை மொராக்கோ நாட்டுக் குகையிற் கிடைத்து, 3 இலட்சம் ஆண்டளவே எட்டுகின்றன. கைக்கோடரியான் அதற்கு 12 இலட்சம் ஆண்டு முற்பட்டவன். அவன் பேசியிருப்பானோ, கையசைவாலும் குரலாலும் குறிப்புணர்த்தியிருப்பானோ, அறிதற்குக் கல்லில் வழியில்லை. நம்மவர் தென்னாட்டுப் பக்கம் வந்தமைக்கு உறுதியான சான்று அண்மையில் ஈழத்தில் உண்டு. பாகியன் குகையில் 48,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோர், எலும்பில் அம்புமுனை செய்து குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். எலும்பில் அம்புமுனை செய்தவன் பேசியிருத்தல் வேண்டும் என்று யான் நம்புகின்றேன். என்ன மொழி என்று கேளற்க.

அதற்குப்பின் கதை விரைகின்றது, யானும் விரைகின்றேன். விழுப்புரத்தினின்று திருவண்ணாமலை செல்லும் வழியிற் கீழ்வாலை என்னும் ஊரில், பாறைமேற் செங்காவியால் மனிதரும் விலங்கும் தீட்டப்பட்டுள்ளன. சிலர் முகம் பறவை முகம்போல் இருத்தலின், வேடமிட்டு ஆடியவர் என்று கருதுவர். திண்டிவனத்திற்குக் கிழக்கே பெருமுக்கல் மலைக்குகையிற் கீறல் உருவங்கள் உள. இரண்டிடத்துக் குறிகளையும் சிந்துவெளி எழுத்தோடு ஒப்பிடுவார் உளர். சிந்துவெளி எழுத்தையே இதுகாறும் ஐயமறப் படித்தார் இல்லை. படிக்காத ஒன்றைக் கொண்டு படிக்காத மற்றொன்றை விளக்குதல் எங்ஙனம் கூடும்?

திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960களில் அகழ்ந்தபோது, குழிவீடுகளில் வாழ்ந்து, தேய்த்து மெருகிட்ட கற்கோடரியோடு கொள்ளும் பயறும் கேழ்வரகும் விளைத்தோர் வெளிப்பட்டனர். அடித்துச் சில்லெடுத்த கோடரிக்கும் தேய்த்து மெருகிட்ட கோடரிக்கும் இடையே கிடப்பது ஒரு பெரும் மாறுதல். முன்னவன் வேண்டும்போது செய்து வேலை தீர்ந்ததும் எறிந்தான். பின்னவன் பல நாள் தேய்த்தான், பல ஆண்டு வைத்துக்கொண்டான், காடழித்து வயல் செய்தான். சேர்வராயன் மலைப்பக்கத்திற் சிற்றூர்க் கோயில்களில் அத்தகைய கோடரிகளைத் தெய்வமாக வைத்திருப்பதுண்டு. செய்தவன் மறந்துபோனான், செய்பொருள் பூசை பெறுகின்றது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கி. மு. 2172 அளவினது என்று 2022இலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிற் கி. மு. 3345 அளவினது என்று 2025இலும் தமிழ்நாட்டரசு அறிவித்தது. பின்னது உலகிலேயே மிக முற்பட்டவற்றுள் ஒன்றாகும் ஆதலின், மேலும் பல இடங்களில் அகழ்ந்து சோதித்தல் நன்று. அவசரப்பட்டுக் கைதட்டுவதன் விளைவை யான் அறிவேன்.

எழுத்தின் தொடக்கத்தைக் காண மெசபொத்தேமியாவிற்குச் செல்லவேண்டும். ஊருக்கு நகரத்திற் கி. மு. 3300 அளவிற் களிமண் பலகையில் எழுதியது பாட்டன்று, தோத்திரமும் அன்று; எத்தனை மூட்டை வாற்கோதுமை, எத்தனை ஆடு என்னும் கணக்கு. வரி வாங்குவோரும் களஞ்சியக் காவலருமே எழுத்தின் தந்தையர் என்பது இலக்கிய மாணவனுக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கும். அதனின்று ஏறத்தாழ 700 ஆண்டு கழித்துச் சிந்துவெளி நகரங்கள் செழித்தன. அவற்றின் பழமையை ஜான் மார்ஷல் 1924இல் உலகிற்கு அறிவித்தார்.

நம் மொழி முதன்முதல் நம் கண்ணுக்குத் தெரிவது இவற்றிற்கெல்லாம் பின்னர். வைகைக்கரைக் கீழடியில் 2015 முதல் நிகழ்ந்த அகழாய்விற் கிடைத்த பானையோடுகளிற் பழந்தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அங்குள்ள பழைய படிவுகள் கி. மு. ஆறாம் நூற்றாண்டைச் சாரும் என்று 2019இல் அறிவித்தனர். ஏறத்தாழ 2,600 ஆண்டு. எழுதுமுன்னரும் மொழி வழங்கியிருக்கும் என்பது உண்மையே; எத்தனை நூற்றாண்டு என்பதைப் பானையோடு சொல்லாது. 15 இலட்சத்தின் முன் 2,600 என்பது எத்துணை! ஆயினும் அவ்வோட்டைக் கையிலெடுத்து, ஒரு குயவன் சுட்ட கலத்தில் ஒருவன் தன் பெயரைக் கீறி, ‘இஃது என்னுடையது’ என்று சொல்வதைப் படிக்கும்போது, அச்சொல்லுக்கு யான் உறவினன் என்பதை யாரும் எனக்கு நிறுவ வேண்டியதில்லை. கைக்கோடரியைப் பார்க்கும்போது எழுவது உறவன்று; வியப்பு. வியப்பதற்கு அவன் தமிழனாய் இருக்க வேண்டும் என்று ஏன் எண்ணினேன் என்பதே இப்போது எனக்குப் புரியவில்லை.

அண்மையில் ஊருக்குச் சென்றபோது பழைய சரளைமேட்டைக் காணவில்லை. சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு வாரிச் சென்றுவிட்டனர். பல்லாவரத்துக் கல்லும் அத்தகைய ஒரு குழியிற் கிடந்ததுதானே என்னும் எண்ணம் வந்தது. இயந்திரக் கற்களுக்கிடையே உண்மையான ஒன்று இருந்திருந்தால், அது இப்போது தாருக்கு அடியில் இருக்கும். வரும் ஆண்டுப் பேரவையில் அதே பொருள்பற்றி மீண்டும் பேசும்படி ஆசிரியர் பணித்திருக்கிறார். கால் மணி நேரம் ஒதுக்கியுள்ளனர். அலுமினியத்தையும் பெரிலியத்தையும் விளக்கவே அது போதாது.